வங்கி யாருடையது?

அரசுடைமை வங்கிகளைப் பற்றி எமது நாட்டில் இருவிதமான பேச்சுக்கள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. அரசாங்கம் நடத்தும் வங்கி மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் சுமை, அதைத் தனியாருக்கு விற்றுவிட்டால் நாடு உருப்படும் என்பது ஒன்று. வங்கி அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டாலே அது மக்களின் சொத்தாகிவிட்டது, அதன்பின் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னது வர்த்தகக் கூடங்களிற் பிறந்த பேச்சு. பின்னது எமது சொந்த மேடைகளிலேயே சில வேளைகளில் ஒலித்த பேச்சு. இவ்விரண்டையும் இலங்கையின் வங்கிச் சரித்திரத்தின் முன் நிறுத்திப் பார்த்தால் இரண்டுமே நிலைக்கமாட்டா என்பது புலனாகும். அச்சரித்திரத்தைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இன்று அவசியமாகின்றது.

முதலில், வங்கி செய்யும் வேலை யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். நாட்டில் உழைப்போர் உண்டாக்கும் செல்வத்தில் உண்ணவும் உடுக்கவும் போக எஞ்சுவது பல்லாயிரம் கைகளிற் சிதறிக் கிடக்கின்றது. ஆசிரியரின் மாதச் சேமிப்பு, கடைக்காரரின் அன்றாட வரவு, கமக்காரன் நெல் விற்ற பணம் ஆகியவற்றையெல்லாம் திரட்டிப் பெருந்தொகையாக்குவது வங்கியின் முதல் வேலை. அத்தொகையை இன்ன தொழிலுக்கு, இன்னாருக்கு, இத்தனை வட்டிக்கு என்று பிரித்துக் கொடுப்பது இரண்டாவது வேலை. முதல் வேலைக்கு எல்லாரும் வங்கிக்கு வேண்டியவர்கள். இரண்டாவது வேலை வரும்போது மிகச் சிலரே வேண்டியவர்களாகின்றனர். யாருக்குக் கடன் கிடைக்கின்றதோ அவர் கை ஓங்குகின்றது. யாருக்கு மறுக்கப்படுகின்றதோ அவருடைய நிலமும் உழைப்பும் காலப்போக்கிற் பிறர் வசமாகின்றன. வங்கி யாருடையது என்ற கேள்வி இதனாலேயே அரசியற் கேள்வியாகின்றது.

எமது நாட்டுக்கு வங்கி கோப்பியோடு வந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைத் துணையாகக் கொண்டு கண்டி மலைநாட்டின் காடுகள் தோட்டத்துரைமாருக்குக் கைமாறிய காலம் அது. தோட்டம் திறக்க முதல் வேண்டும். காய்த்த கோப்பி கப்பலேறி லண்டனில் விற்றுக் காசாகும்வரை கூலிக்கும் அரிசிக்கும் கடன் வேண்டும். இத்தேவையை நிறைவேற்ற 1841 இல் ஒரு வங்கி தொடங்கப்பட்டது. அதற்கு இலங்கை வங்கி என்றே பெயர். இன்றைய இலங்கை வங்கிக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. 1840களின் இறுதியிற் கோப்பி விலை வீழ்ந்தபோது அவ்வங்கி ஆட்டங்கண்டு ஓரியண்டல் வங்கியோடு கலந்து மறைந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் பணச்சந்தையில் ஓரியண்டல் வங்கியே கோலோச்சியது. அதன் பெயர் பொறித்த நோட்டுக்களே கடைத்தெருவிற் செலாவணியாகின.

1869 இற் கோப்பி இலையில் ஒரு நோய் தோன்றியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது மலைநாட்டின் கோப்பிச் செல்வத்தை அரித்துத் தின்றுவிட்டது. தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் 3 ஆம் திகதி கதவை மூடியது. அதன் நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் துரைமார் அல்லர். சாதாரண மக்களும் சிறு வியாபாரிகளும் தம் மடியிலிருந்த காகிதம் வெறுங்காகிதமாகிவிடும் என்று பதறினர். அப்போது தேசாதிபதியாயிருந்த சேர் ஆர்தர் கோர்டன், அந்நோட்டுக்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என்று உறுதி கூறினார். அதே ஆண்டில் நோட்டு வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து எடுக்கப்பட்டு அரசாங்கத்தின் நாணய ஆணையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இச்சம்பவத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வங்கித் தொழிலில் அரசாங்கம் கைவைப்பது இடதுசாரிகள் கண்டுபிடித்த புதுமையன்று. பிரித்தானிய முடியின் பிரதிநிதியே அதை முதலிற் செய்தார். தனியார் வங்கி இலாபம் ஈட்டிய காலமெல்லாம் அது பங்குதாரரின் சொந்த விஷயமாயிருந்தது. அது முறிந்த நாளில் அதன் பாரம் பொதுமக்களின் கஜானாவுக்கு வந்தது. நட்டத்தைப் பொதுவுடைமையாக்குவதை ஆளும் வர்க்கம் என்றுமே எதிர்த்ததில்லை. கடனை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பொதுவுடைமையாக்கப் புறப்பட்டபோதுதான் கூக்குரல் எழுந்தது. 1884 முதல் இன்றுவரை எமது வங்கிச் சரித்திரத்தினூடே ஓடும் இழை இதுவேயாகும்.

கோப்பி அழிந்த இடத்திற் தேயிலை எழுந்தது. பின்னர் இறப்பர் வந்தது. மெர்க்கன்டைல் வங்கி, சார்ட்டட் வங்கி, நஷனல் வங்கி, ஹொங்கொங் ஷங்காய் வங்கி என்று பிறநாட்டு வங்கிகள் கொழும்புக் கோட்டையில் வரிசையாக அமர்ந்தன. இவற்றைச் செலாவணி வங்கிகள் என்பர். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் பணம் புரட்டுவதே இவற்றின் தொழில். தோட்டங்களை நிருவகித்த ஏஜென்ஸிக் கம்பெனிகளும் பெரும் இறக்குமதியாளருமே இவற்றின் வாடிக்கையாளர். உள்நாட்டிற் சேர்ந்த வைப்புப் பணத்தில் உபரியானது லண்டன் சந்தைக்குப் போயிற்று. நாட்டின் நாணய முறையும் இதற்கேற்பவே அமைந்திருந்தது. ஏற்றுமதி பெருகினால் நாட்டிற் பணம் பெருகும். ஏற்றுமதி சுருங்கினால் பணமும் சுருங்கும். வயலிலும் மீன்வாடியிலும் தறியிலும் உழைத்தவனின் தேவைக்கும் நாட்டிலிருந்த பணத்தின் அளவுக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை.

இலங்கையர் ஒருவர் இவ்வங்கிகளின் வாசலை மிதிப்பது எளிதன்று. காணியை ஈடாக ஏற்க அவை விரும்பவில்லை. உறுதி தெளிவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே இலங்கை வியாபாரி புறக்கோட்டைச் செட்டியார் தெருவுக்குப் போனான். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், வங்கிகளோடு தொடர்புடைய சராப்புமாரின் பிணையின்பேரில் வங்கியிற் கடன் வாங்கி, அதை உயர்ந்த வட்டிக்கு உள்ளூர் வியாபாரிகளுக்கும் நிலவுடைமையாளருக்கும் கொடுத்தனர். அவ்வியாபாரி கிராமத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தான். கடைக்காரர் கமக்காரனுக்கு அரிசியும் புடைவையும் கடனாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாக வாங்கிக்கொண்டார். கோட்டையிற் தொடங்கிய கடன் ஒவ்வொரு படியாக இறங்கும்போதும் வட்டி ஒவ்வொரு படியாக ஏறியது. அடியில் நின்றவன் தலையில் அத்தனை படிகளின் பாரமும் விழுந்தது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திக் கூறவேண்டும். செட்டியார் என்ற சொல்லை வைத்து இனத்துவேஷம் வளர்த்த அரசியல்வாதிகள் பலர் இந்நாட்டில் இருந்தனர். கடன்பட்டவனின் கோபத்தைக் கண்ணுக்குத் தெரிந்த லேவாதேவிக்காரன்மேற் திருப்பிவிடுவது எளிதாயிருந்தது. கொடுமையான வட்டி வாங்கப்பட்டது உண்மை. காணிகள் பறிபோனதும் உண்மை. ஆனால் அச்சங்கிலியின் மேல்நுனி செட்டியார் தெருவில் இருக்கவில்லை, லண்டனில் இருந்தது. 1925 இற் செட்டிமாரின் நிறுவனமொன்று முறிந்ததைத் தொடர்ந்து செலாவணி வங்கிகள் செட்டிமாருக்குக் கொடுத்துவந்த கடனைத் திடீரென்று சுருக்கியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. மேல்நுனியிற் குழாய் அடைக்கப்பட்டதும் கீழே நாடெங்கும் வியாபாரம் வறண்டது. நான்கைந்து ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றின் விலையும் ஒருங்கே வீழ்ந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதோரின் தென்னந்தோட்டங்களும் கட்டிடங்களும் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின.

இதற்கிடையிற் சாதாரண மக்கள் தமக்குத் தாமே ஒரு வழியைத் தேடத் தலைப்பட்டிருந்தனர். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. யாழ்ப்பாணத்தில் இவ்வியக்கம் நன்கு வேரூன்றியது. 1929 இல் அங்கே கூட்டுறவு வங்கியொன்றும் எழுந்தது. ஈடும் ஒத்தியும் அடகுமாய் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது ஓரளவு மூச்சு விட இடங்கொடுத்தது. ஆயினும் சங்கங்களின் முதல் சிறிது. நாட்டின் பெருஞ்சேமிப்போ வேறிடத்திற் குவிந்திருந்தது. சிறு நீரூற்றைக் கொண்டு பெருவயலுக்குப் பாய்ச்ச இயலாது.

1931 இன் அரசியற் திட்டத்தின்கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்து, அரசாங்க சபையும் கூடியபின் வங்கிப் பிரச்சினை பொதுமேடைக்கு வந்தது. இந்திய மத்திய வங்கியை 1911 இல் நிறுவிய சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அரசாங்க உதவியோடு நடக்கும் ஒரு தேசிய வங்கி வேண்டும் என்பது அதன் சிபாரிசு. அடுத்த ஆண்டிலே தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி உற்பத்தி, விநியோகம், பரிவர்த்தனை ஆகியவற்றின் சாதனங்களைச் சமூக உடைமையாக்குவதைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. ஒரே பிரச்சினைக்கு இரண்டு விடைகள் அவ்விரண்டு ஆண்டுகளில் எழுந்தன. உள்நாட்டு முதலாளிமாருக்கும் வங்கியில் இடம் வேண்டும் என்றது ஒன்று. வங்கியே சமூகத்துக்குச் சொந்தமாக வேண்டும் என்றது மற்றது.

முதல் விடையே வென்றது. 1939 ஆகஸ்ட் 1 ஆம் திகதி தேசாதிபதி சேர் அன்ட்ரூ கால்டெகொட் இலங்கை வங்கியைத் திறந்துவைத்தார். அரசாங்கத்தின் ஆதரவோடு, தனியார் பங்குதாரரைக் கொண்டு அது நடந்தது. சேர் ஏர்ணஸ்ட் டி சில்வா அதன் முதற் தலைவரானார். இலங்கையருக்கு வங்கி நடத்தத் தெரியாது என்ற பரிகாசத்தை அவ்வங்கி பொய்யாக்கியது. யுத்தகாலத்தில் நாட்டுக்குள் வந்து குவிந்த படைச் செலவினால் வைப்புக்கள் பெருகின. ஐம்பதுகளில் நாட்டின் மிகப் பெரிய வர்த்தக வங்கியாக அது வளர்ந்துவிட்டது. 1950 ஆகஸ்டில் மத்திய வங்கியும் தன் பணியை ஆரம்பித்தது. நோட்டு எமதாயிற்று, பெரிய வங்கியும் எமதாயிற்று. ஆனால் கிராமத்துக்குச் சென்று பார்த்தால் கமக்காரன் பழைய இடத்திலேயே நின்றான். அவனுடைய கடனிற் பெரும்பகுதி இனசனத்தாரிடமும் கடைக்காரரிடமும் காணிக்காரரிடமுமே பெறப்பட்டது. இலங்கையர் வங்கி இலங்கை வியாபாரியின் வங்கியாயிற்றேயன்றி இலங்கை உழவனின் வங்கியாகவில்லை.

1956 இன் அரசாங்க மாற்றம் இப்பிரச்சினையை மீண்டும் கிளப்பியது. விவசாய உணவு மந்திரியாயிருந்த பிலிப் குணவர்தன மூன்று காரியங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கண்டார். வாரத்துக்கு உழுபவனுக்கு நிலத்திற் பாதுகாப்பு வேண்டும். இதற்காக 1958 இல் நெற்காணிச் சட்டம் வந்தது. விளைவை விற்கவும் வேண்டியதை வாங்கவும் சங்கம் வேண்டும். இதற்காகப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. இவ்விரண்டுக்கும் முதல் கொடுக்க வங்கி வேண்டும். இதற்காகக் கூட்டுறவு அபிவிருத்தி வங்கி என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். நிலம், சங்கம், வங்கி என்ற மூன்றும் சேர்ந்தாற்றான் உழவன் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்திலிருந்து விடுபடுவான் என்பது அதன் உட்பொருள். முதலிரண்டைச் சகித்துக்கொண்ட மந்திரிசபை வலதுசாரிகள் மூன்றாவதைச் சகிக்கவில்லை. 1959 மே மாதத்திற் பிலிப் அரசாங்கத்தை விட்டு வெளியேறினார். திட்டம் கிடப்பிற் கிடந்தது.

ஈராண்டுகள் கழிந்து, திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அத்திட்டத்தின் உருமாறிய வடிவத்தை நிறைவேற்றியது. டி. பி. இலங்கரத்ன மந்திரியாயிருந்து கொண்டுவந்த 29 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1961 யூலை 1 ஆம் திகதி மக்கள் வங்கி பிறந்தது. கூட்டுறவு இயக்கத்தையும் கிராம வங்கித் தொழிலையும் விவசாயக் கடனையும் வளர்ப்பது அதன் நோக்கமெனச் சட்டமே கூறியது. கூட்டுறவுச் சங்கங்களும் அதிற் பங்குதாரராக இடமிருந்தது. அதே ஆண்டில் இலங்கை வங்கியின் தனியார் பங்குகள் அரசுடைமையாக்கப்பட்டன. பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா நிதி மந்திரியாயிருந்தபோது நிறைவேறிய 65 ஆம் இலக்க நிதிச் சட்டம், பிறநாட்டு வங்கிகள் இலங்கையரிடமிருந்து புதிய வைப்புக் கணக்குகளை ஏற்பதைத் தடை செய்தது.

இந்தியாவிற் பதினான்கு பெரிய வங்கிகள் 1969 யூலையில் அரசுடைமையாவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கை இதைச் செய்துவிட்டது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் வேற்றுமையையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் எடுக்கப்பட்டவை அந்நாட்டுப் பெருமுதலாளிகளின் வங்கிகள். இங்கே எடுக்கப்பட்டது, அரசாங்கமே முன்னின்று உண்டாக்கிய தேசிய வங்கி ஒன்று. தேயிலைப் பணத்தில் வளர்ந்த பிறநாட்டு வங்கிகள் எடுக்கப்படவில்லை. அவற்றைச் சுற்றி வேலி மட்டுமே போடப்பட்டது. வேலி போட்டவன் படலையைத் திறக்கவும் முடியும் என்பது பதினெட்டு ஆண்டுகளின் பின் தெரியவந்தது.

1961 இன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. அதற்கு முன் வங்கி என்பது கொழும்பிலும் சில பட்டினங்களிலும் ஆங்கிலம் பேசிய கட்டிடம். அதன்பின் சிறு பட்டினங்களில் மக்கள் வங்கிக் கிளைகள் திறந்தன. 1964 முதற் கூட்டுறவுக் கிராம வங்கிகள் எழுந்தன. 1973 இல் விவசாய சேவை நிலையங்களிலேயே இலங்கை வங்கி அலுவலகம் அமைத்தது. சாறன் உடுத்தவர் அச்சமின்றி நுழையத்தக்க இடமாக வங்கி மாறியது. தாலிக்கொடியையும் காப்பையும் அடகுகாரரிடம் கொண்டுபோன பெண்கள் அவற்றை ரசீதோடும் நியாயமான வட்டியோடும் வங்கியில் வைத்து மீட்க முடிந்தது. இலாபத்தை மட்டும் எண்ணும் வங்கி இவ்விடங்களுக்கு அந்நாளில் ஒருபோதும் போயிராது.

ஆனால் பிலிப் கண்ட மூன்று அங்கங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து மற்றவை சூம்பின. நெற்காணிச் சட்டம் நடைமுறையில் ஓட்டையாயிற்று. பல இடங்களில் வாரக்குடிகள் நிலத்தை விட்டு விரட்டப்பட்டனர். கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளூர் அரசியற் பிரமுகரின் கைக்குட் போயின. 1967 இன் புதிய விவசாயக் கடன் திட்டம் மக்கள் வங்கியினூடாகவும் சங்கங்களினூடாகவும் பெருந்தொகையை வெளியிட்டது. விளைச்சல் பொய்த்த கமக்காரன் கடனைக் கட்டத் தவறினான். கட்டத் தவறியவனுக்கு அடுத்த போகத்திற் கடன் இல்லை. அவன் மீண்டும் கடைக்காரரிடம் போனான். வசதியுள்ளவனோ கட்ட முடிந்தும் கட்டவில்லை, அரசாங்கம் தள்ளுபடி செய்யும் என்று காத்திருந்தான். 1977 தேர்தலைத் தொடர்ந்த பெரும்போகத்திற் தாராளமாக வாரியிறைக்கப்பட்ட கடனிற் பெரும்பகுதி திரும்பவில்லை. வாக்குச் சேர்க்கும் கருவியாகக் கடன் மாறிவிட்டதை இது காட்டிற்று. நிலவுறவு மாறாத இடத்தில் வங்கி மாத்திரம் மாறினால் கடன் வயலில் நிற்காது, வழிந்தோடிவிடும்.

மக்கள் வங்கி என்ற பெயரில் மக்கள் என்போர் யாவர் என்ற கேள்வியும் உண்டு. இந்நாட்டு வங்கிகளின் வைப்புக்களுக்கெல்லாம் ஊற்றாயிருந்தது தேயிலை. அத்தேயிலையைக் கொய்த தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை 1948 இன் சட்டத்தினாற் பறிக்கப்பட்டது. வாக்குரிமையும் தொடர்ந்து போயிற்று. 1961 இல் வங்கிகளின் உடைமையாளராகியது பாராளுமன்றம். அப்பாராளுமன்றத்திற் பேச ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லாதவன் அவ்வங்கியில் எந்த வகையில் உடைமையாளன்? தனிச்சிங்களச் சட்டம் 1956 இல் நிறைவேறியபின் அரசாங்கத்தின் கைக்கு வந்த ஒவ்வொரு நிறுவனத்தோடும் மொழிப் பிரச்சினையும் கூடவே வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அரசு எத்தன்மையதோ அத்தன்மையதே அரசுடைமை. அரசிற் பங்கில்லாதவனுக்கு அரசுடைமையிற் பங்கு கிடையாது.

1970 இல் இடதுசாரிகள் தாமே மந்திரிசபையில் அமர்ந்தனர். கலாநிதி என். எம். பெரேரா நிதி மந்திரியானார். தபாற் சேமிப்பு வங்கியையும் பழைய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் இணைத்துத் தேசிய சேமிப்பு வங்கி அமைக்க 1971 இற் சட்டம் இயற்றப்பட்டது. பிறநாட்டு வங்கிகளோ அப்போதும் அரசுடைமையாக்கப்படவில்லை. 1972 இல் வங்கி ஊழியர் மூன்று மாதங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, இடதுசாரி நிதி மந்திரியும் வங்கித் தொழிலாளரும் எதிரெதிராக நின்றனர். முதலாளி இருந்த கதிரையில் அரசாங்கம் அமர்ந்துவிட்டதனால் மட்டும் மேசைக்கு இப்புறத்தில் நிற்பவனின் நிலை மாறிவிடுவதில்லை. வங்கியின் நிருவாகத்தில் ஊழியருக்கும் வைப்பாளருக்கும் கூட்டுறவாளருக்கும் உண்மையான இடம் இருந்திருப்பின் இந்நிலை நேர்ந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1977 இல் வந்த அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1979 முதற் பிறநாட்டு வங்கிகளுக்கு மீண்டும் படலை திறந்தது. எண்பதுகளிற் புதிய தனியார் வங்கிகளும் எழுந்தன. அரசுடைமை வங்கிகள் விற்கப்படவில்லை. அவற்றுக்கு வேறொரு உபயோகம் கண்டுபிடிக்கப்பட்டது. நட்டத்தில் நடந்த கூட்டுத்தாபனங்களுக்கும் தேசியமயமான தோட்டங்களுக்கும் திறைசேரி கொடுக்க வேண்டிய பணத்தை அவ்வங்கிகள் மேலதிகப்பற்றாகக் கொடுத்தன. செல்வாக்குள்ள தனியாரும் வாங்கிவிட்டுக் கட்டாமற் போயினர். தொண்ணூறுகளில் அரசாங்கம் கடன்பத்திரங்களைக் கொடுத்து அவ்வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப நேர்ந்தது. மந்திரியின் தொலைபேசியில் முடிவாகும் கடன், பங்குதாரரின் சபையில் முடிவாகும் கடனைவிட மக்களுக்கு நெருங்கியதென்று எவரும் சொல்லமுடியாது.

இதைக் காட்டியே விற்றுவிடு என்கின்றனர். அவர்களுக்கு 2008 டிசம்பரை நினைவூட்ட விரும்புகின்றோம். செலான் வங்கி என்ற தனியார் வங்கியின் வைப்பாளர்கள் பதறிப் பணத்தை எடுக்கக் குவிந்தபோது, மத்திய வங்கி அதன் நிருவாகத்தை யாரிடம் ஒப்படைத்தது? இலங்கை வங்கியிடம். 1884 இற் தேசாதிபதி கோர்டன் செய்ததை நூற்று இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் அரசுடைமை வங்கி செய்தது. முறியும் நாளிற் தாங்குவதற்கு அரசு வேண்டும், செழிக்கும் நாளிற் பங்கிடுவதற்கு அரசு வேண்டாம் என்பது எந்தத் தர்மம்?

2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதெனக் கைவிரித்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இரண்டு அரசுடைமை வங்கிகளுக்கும் வைத்திருந்த பெருங்கடன் திறைசேரியின் தலையில் ஏற்றப்பட்டது. 2023 மார்ச்சிற் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப 450 பில்லியன் ரூபாயை ஒதுக்கியதோடு, இரண்டு அரசுடைமை வங்கிகளினதும் பங்குகளில் 20 சதவீதத்தை விற்கும் யோசனையையும் கூறியது. முதலில் மக்களின் பணத்தாற் குழியை நிரப்புவது, பின்னர் நிரம்பிய நிலத்தை விற்பது என்ற முறை புதியதன்று. அந்த அரசாங்கம் மறுவருடமே போய்விட்டது. ஆனால் அந்த யோசனை ஒரு தடவை வந்து ஒழிந்துபோகும் யோசனையன்று. வேறு அரசாங்கத்தின் வாயிலாக அது மீண்டும் வரக்கூடும்.

அது வரும்போது எமது விடை யாதாயிருத்தல் வேண்டும்? அரசுடைமை வங்கியைக் காப்போம் என்று மட்டும் கோஷமிட்டால், அது தந்த குறைகளையும் சேர்த்தே காப்பவர்களாவோம். 1961 ஒரு கேள்விக்கு விடை கூறியது: நாட்டின் சேமிப்பு நாட்டாரின் பொது அதிகாரத்தின்கீழ் இருக்க வேண்டும். அவ்விடை சரியானது, அதிலிருந்து ஓரடி பின்வாங்கவும் நியாயமில்லை. ஆனால் அவ்வதிகாரத்தைச் செலுத்துபவர் யார், எவ்வாறு செலுத்துகின்றனர், யாருக்குக் கணக்குக் காட்டுகின்றனர் என்ற இரண்டாவது கேள்வியை 1961 கேட்காமலே விட்டுவிட்டது. பெருங்கடன் வாங்கிக் கட்டாதோரின் பெயர்களும் தொகைகளும் வெளியிடப்பட வேண்டும். பணிப்பாளர் சபையில் மந்திரியின் நண்பருக்குப் பதிலாக வைப்பாளரும் ஊழியரும் கூட்டுறவாளரும் தோட்டத் தொழிலாளரும் தெரிவு மூலம் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் திரட்டப்பட்ட வைப்பு எவ்வளவு, அம்மாவட்டத்துக்குக் கடனாகத் திரும்பியது எவ்வளவு என்பது ஆண்டுதோறும் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆசிரியர்கள் இக்கடைசிக் கணக்கைத் தம் மாணவரோடு சேர்ந்து கேட்கத் தொடங்கலாம். தமது ஊர்க் கிளையிற் சேரும் பணம் எங்கே போகின்றது என்று கேட்பதற்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை. அக்கேள்வியை ஊர்தோறும் கேட்கும் மக்கள் இருக்குமிடத்தில் வங்கியை இரகசியமாகச் சூறையாடவும் முடியாது. இரகசியமாக விற்கவும் முடியாது. உடைமைப் பத்திரத்தில் எழுதியிருப்பது அரசாங்கத்தின் பெயர். அதை மக்களின் பெயராக்கும் வேலை இன்னும் எஞ்சியிருக்கின்றது.